மஹோ என்று எழுதியது நான்தான்

பிள்ளை,

நீ கேட்ட கடிதம் இதுவல்ல. நீ கேட்டது அரைப் பக்கம். "உங்கடை பேர், பிறந்த திகதி, விலாசம், கீழை கையெழுத்து. நடுவிலை ரெண்டு வரி. நான் பிறந்த நேரம் மேரி ஒபிசிலை இருந்தவ என்ரை பேரை மாத்தி எழுதிப்போட்டா எண்டு. அவ்வளவுதான் அம்மா" என்று போன ஞாயிற்றுக்கிழமை லில் நகரத்தில் இருந்து தொலைபேசியில் சொன்னாய். படிவத்தையும் தபாலில் அனுப்பினாய். மூன்று நாள் அது சாப்பாட்டு மேசையில் கிடந்தது. பெயர் எழுதினேன், பிறந்த திகதி எழுதினேன், லா ஷப்பலில் நாங்கள் இத்தனை வருடம் மாறாமல் இருக்கும் இந்த வீட்டின் விலாசத்தை எழுதினேன். நடு வரிக்கு வந்ததும் கை ஓடவில்லை. படிவத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வசனம் இருக்கிறது, பொய்யென்று தெரிந்துகொண்டு எழுதினால் தண்டனை உண்டு என்று. தண்டனைக்கு நான் பயப்படவில்லை. ஆனால் அந்த வசனம் என்னை நேரே பார்த்துக் கேட்டது போல இருந்தது. பேனையை மூடி வைத்துவிட்டேன்.

வருகிற ஆவணியில் உனக்குக் கலியாணம். கலியாணப் பதிவுக்கு முன்பாக, பிரெஞ்சுக் கடதாசிகளில் முதற்பெயராக இருக்கும் மஹோவைப் பின்னுக்குத் தள்ளி, இரண்டாவதாக இருக்கும் மதுமிதாவை முன்னுக்குக் கொண்டுவர நீ நகரசபையில், இங்கே மேரி என்று சொல்லுமிடத்தில், விண்ணப்பம் போடப் போகிறாய். அதற்கு ஒரு காரணம் வேண்டும். மேரியில் விட்ட பிழை என்பதுதான் உன் காரணம். அந்தக் காரணத்தை உனக்குத் தந்தவர்கள் நாங்கள். உன் ஒவ்வொரு பிறந்தநாளிலும் கேக் வெட்டி முடிந்த பிறகு யாராவது "இதென்ன பேர் பிள்ளைக்கு?" என்று கேட்பார்கள். அப்பா கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு தொடங்குவார். "அந்த மேரிக்காரி மூக்குக் கண்ணாடியை நெத்தியிலை ஏத்தி வைச்சுக்கொண்டெல்லோ எழுதினவள். எழுத்து எப்பிடித் தெரியும்?" எல்லோரும் சிரிப்பார்கள். நான் தேத்தண்ணி ஊற்றப் போய்விடுவேன். ஊரறியச் சொன்ன பொய்யை ஊரறியத்தான் திருத்த வேண்டும். ஆகவே இதை உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. நீ வாசித்துச் சம்மதித்தால் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்து ஆண்டு மலருக்கும் கொடுப்பேன்.

மேரியில் இருந்த பெண் எந்தப் பிழையும் விடவில்லை, பிள்ளை. மஹோ என்று முதலில் எழுதியது நான்தான்.

நான் பிரான்சுக்கு வந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது. பிரெஞ்சில் எனக்குத் தெரிந்தது போன்ஜூர், மெர்சி, அதற்கு மேல் மெத்ரோ நிலையங்களின் பெயர்கள். காலையில் நோவு தொடங்கியது. அப்பா என்னை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு உணவகத்துக்கு ஓடினார். அன்றைக்குப் போகாவிட்டால் அடுத்த நாள் அவருடைய இடத்தில் வேறொருவர் கோப்பை கழுவிக்கொண்டு நிற்பார் என்ற நிலை. என்னைப் பார்த்துக்கொண்டது ஒரு சாஜ் ஃபாம், எங்கள் சொல்லில் மருத்துவிச்சி. என்னிலும் இரண்டு மூன்று வயதுதான் மூத்தவளாக இருப்பாள். முகமெல்லாம் பழுப்புப் புள்ளிகள். மத்தியானம் போல, வெளியே யாரோ ஓர் இரும்புத் தட்டத்தைக் கைதவறி விழுத்திவிட்டார்கள். நான் கட்டிலில் இருந்து எப்படி இறங்கினேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நினைவு வந்தபோது கட்டிலுக்குக் கீழே கிடந்தேன். காதுகளைப் பொத்தியிருந்தேன். வயிற்றைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தேன். ஷெல் சத்தம் கேட்டதும் பங்கருக்குள் பாய்ந்து பழகிய உடம்பு அது. என் தம்பியை அந்தப் போர் கொண்டுபோனது உனக்குத் தெரியும். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

இன்னொரு தாதி ஓடிவந்து என் காலைப் பிடித்து வெளியே இழுக்கப் பார்த்தாள். புள்ளி முகக்காரி அவளைத் தடுத்தாள். பிறகு அந்த வெள்ளை உடுப்போடு தானும் நிலத்தில் படுத்து, நகர்ந்து நகர்ந்து கட்டிலுக்குக் கீழே என் பக்கத்தில் வந்தாள். என்னைத் தொடவில்லை. உள்ளங்கையை விரித்து இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். நான் எவ்வளவு நேரம் கழித்து அந்தக் கையைப் பிடித்தேனோ தெரியாது. பிடித்ததும் மற்றக் கையால் தன் நெஞ்சைத் தொட்டு "மஓ" என்றாள். எனக்குக் கேட்டது "மாவோ" என்று. நோவுக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. "அரிசி மாவோ, கோதம்ப மாவோ?" என்று தமிழில் கேட்டேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் சேர்ந்து சிரித்தாள். பிறகு தானே முதலில் வெளியே போய், நான் வருமட்டும் கையை விடாமல் நின்றாள். இரண்டு மணித்தியாலத்தில் நீ பிறந்தாய். அவளுடைய வேலை நேரம் முடிந்து போயிருந்தது. உடுப்பு மாற்றாமல் மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்து, அப்பா வருமட்டும் என் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தாள். அவள் நெஞ்சில் குத்தியிருந்த பெயர் அட்டையை அப்போதுதான் எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். ஆறு எழுத்து. வாயில் வருவது இரண்டே ஒலி. நடுவில் ஒரு எழுத்தை விழுங்குகிறார்கள், கடைசி எழுத்தைத் தொடுவதே இல்லை.

அப்பா பஞ்சாங்கத்தோடு வந்தார். லா ஷப்பல் கடையில் அன்றைக்கே வாங்கியது. நட்சத்திரம் மகம், ம-வில் தொடங்க வேண்டும். "மகத்துப் பெண் ஜெகத்தை ஆளுமாம்" என்று உன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மதுமிதா என்றார். நான் மருத்துவிச்சியின் பெயரைச் சொன்னேன். கட்டிலுக்குக் கீழே நடந்ததை மட்டும் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது. "உதுவும் ம-விலைதான் தொடங்குது. சரி, உந்த வெள்ளைக்காரப் பேர் பின்னுக்கு இருக்கட்டும். மதுமிதா முன்னுக்கு" என்றார். நான் தலையாட்டினேன். பெயர்களை எழுதித் தரும்படி ஆஸ்பத்திரியில் கொடுத்த கடதாசியை, அவர் தொலைபேசி எடுக்கக் கீழே போன நேரம் நான் நிரப்பினேன். இன்னும் பக்கத்திலேயே இருந்தவளின் அட்டையைப் பார்த்துப் பார்த்து அந்த ஆறு எழுத்தையும் முதலில் எழுதினேன். மதுமிதாவை அடுத்ததாக எழுதினேன். மருத்துவிச்சி அதில் தன் கையெழுத்தை வைக்க வேண்டும். வாசித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "சூர்?" என்று கேட்டாள். நிச்சயமாகவா என்று அர்த்தம், பின்னாளில்தான் தெரிந்துகொண்டேன். மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் தலையாட்டினேன். ஒரே நாளில் இரண்டு பேருக்குத் தலையாட்டியிருக்கிறேன், இரண்டு எதிரான காரியங்களுக்கு.

ஏன் செய்தேன் என்று நீ கேட்பாய். நன்றி என்று சொன்னால் பாதிதான் உண்மை. யாரைக் கட்டுவது, எப்போது நாட்டை விட்டுப் போவது, எந்த வழியால் போவது, எந்த அறையில் இருப்பது, ஒன்றையும் அதுவரை நான் தீர்மானித்ததில்லை. அந்தக் கடதாசியில் இருந்த இரண்டு கோடுகள்தான் எனக்கென்று கிடைத்த முதல் இடம். இன்னொரு காரணமும் உண்டு, அது அவ்வளவு அழகானதல்ல. இந்த நாட்டுப் பெயர் முன்னால் இருந்தால் இந்த நாடு உன்னைக் கொஞ்சம் மரியாதையாக நடத்தும் என்று நினைத்தேன். அப்பா அந்தக் கடதாசியை உறையில் இருந்து எடுத்துப் பார்க்காமலே மேரிக்குக் கொண்டுபோனார். ஒரு மாதம் கழித்து மருத்துவக் காப்புறுதிக் கடிதம் வந்தது. பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்த அவருடைய கூட்டாளி ஒருவர்தான் முதலில் கண்டார். "அண்ணை, பிள்ளையின்ரை பேர் வேறையெல்லோ கிடக்கு?" அப்பா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மேரிக்காரி பிழையா எழுதிப்போட்டாள்!" என்று கத்தினார். நான் உனக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் வாய் திறந்திருந்தால் ஒரு மணித்தியாலச் சண்டையோடு முடிந்திருக்கும். நான் உன்னைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டேன். அவ்வளவுதான். ஒரு பொய் தொடங்குவதற்கு அவ்வளவே போதும், பிள்ளை, வாயைத் திறக்கவும் தேவையில்லை.

பிறகு அந்தப் பெயரோடு நீ பட்ட பாடு. ஆறு வயதில் உன்னை மளிகைக் கடைக்குக் கூட்டிப்போவேன். கல்லாவில் இருந்த ஐயா ஒவ்வொரு முறையும் "என்ன பேர் குஞ்சு? மாவோ? அரிசி மாவோ, உளுத்தம் மாவோ?" என்று கேட்பார். நானே செய்த பகிடி, இன்னொருவர் வாயில் இருந்து வந்து உன்னை அழவைத்தது. நாலாவது முறை நீ அழவில்லை. "கடலை மா. அரைக் கிலோ தாங்கோ" என்றாய். அவர் சிரித்துச் சிரித்து உனக்கு ஒரு பக்கெட் மிக்சர் தந்தார். அதற்குப் பிறகு உன்னை மரியாதையாக "மேடம்" என்றுதான் கூப்பிட்டார். பள்ளிக்கூடத்தில் வேறு விதமான தொல்லை. பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கே அந்தப் பெயரை எழுதத் தெரியாது. வேலைக்கு முதல் நேர்முகத்துக்குப் போனபோது, வரவேற்பில் இருந்த பெண் உன் பெயரைக் கூப்பிட்டுவிட்டு, நீ எழுந்து நிற்க, உனக்குப் பின்னால் யாரையோ தேடினாள் என்று சொன்னாய். நீ அதைப் பகிடியாகத்தான் சொன்னாய். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன்னைக் காக்கும் என்று நினைத்து வைத்தது உன்னை மறைக்கத்தான் உதவியதோ என்று யோசித்துக்கொண்டு இருந்தேன்.

ஆனால் நான் உனக்குச் செய்த பெரிய பிழை அதுவல்ல. உனக்குப் பன்னிரண்டு வயது. வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடி எழுத வேண்டும் என்றார்களாம். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு நிற்கிறேன். நீ கொப்பியோடு குசினிக்குள் ஓடி வந்தாய். "அம்மா, என்ரை பேர் சரியான பழசு! ஆயிரம் வருசத்துக்கு மேலை. 'மாட்' எண்டா பலம். 'ஹில்ட்' எண்டா..." சொல் வராமல் நின்று, பிறகு கண்டுபிடித்து, சந்தோஷமாகச் சொன்னாய், "சண்டை! பெரிய சண்டை, யுத்தம்!" போரில் இருந்து தப்பி ஓடி வந்த நான், அதைக் கையோடு கொண்டுவந்து என் பிள்ளையின் பெயரில் வைத்திருக்கிறேன் என்று நினைத்தேன். கத்தியை வைத்துவிட்டு, "இனி வீட்டிலை உன்னை மது எண்டுதான் கூப்பிடுவன்" என்றேன். "புர்க்குவா?" என்று கேட்டாய். நான் ஏனென்று சொல்லவில்லை. அப்பாவோ நீ பிறந்த நாள் தொட்டு உன்னை மது என்றுதான் கூப்பிட்டார். ஆகவே அன்றிலிருந்து இந்த வீட்டில் உன்னை மஹோ என்று கூப்பிட ஒருவரும் இல்லை. நீ அந்தக் கொப்பியைப் பிறகு எனக்குக் காட்டவே இல்லை. போன ஞாயிறு தொலைபேசியை வைப்பதற்கு முன் நீ சொன்ன வசனம்தான் என்னைப் பிடித்து உலுக்கியது. "உங்களுக்கு எப்பவும் அந்தப் பேர் பிடிக்காதுதானே அம்மா. உங்களுக்குப் பிடிச்ச பேரோடை கலியாணம் கட்டுறன்." பதினாறு வருடமாக நீ அப்படித்தான் நினைத்திருக்கிறாய்.

புதன்கிழமை நான் வேலை செய்யும் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் அலுவல் முடிந்ததும், வீட்டுக்கு வராமல் நூலகத்துக்குப் போனேன். பெயர்களைப் பற்றிய புத்தகம் வேண்டும் என்று கேட்டேன். அங்கிருந்த பெண் தலையணை மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பக்கத்தைத் தேடியும் தந்தாள். விரலை வைத்து வைத்து வாசித்தேன். இன்று ஊரெல்லாம் இருக்கும் மத்தில்த் என்ற பெயரும் உன்னுடையதும் ஒன்றுதானாம். பழைய ஜெர்மானியர் கொண்டுவந்த பெயர், வடக்குப் பிரான்சின் சனங்களின் வாயில் கிடந்து தேய்ந்திருக்கிறது. நடுவில் இருந்த எழுத்து உதிர்ந்துபோக, 'ல்' என்பது 'உ' ஆகி, கடைசியில் மஹோ. யாழ்ப்பாணம் என்பது வெளிநாட்டார் வாயில் ஜஃப்னா ஆகவில்லையா, அதுமாதிரி. ஒரு காலத்தில் பிரபு வீட்டுப் பெண்கள் பலருக்கு அந்தப் பெயர் இருந்ததாம். பிறகு மெல்ல மெல்ல வழக்கொழிந்து, இப்போது எங்கோ ஒருவர் இருவர்.

அதற்கு அடுத்த பந்தியில்தான் நான் நின்றுவிட்டேன். அந்த முதற்பகுதி, பலம் என்று நீ சொன்னது, அடியில் ஒரு வினைச்சொல்லாம். செய்ய முடிவது, இயலுவது என்று பொருளாம். எங்கள் பேச்சில் அதற்கு நாளுக்கு நூறு தரம் சொல்லும் சொல் இருக்கிறதே, ஏலும். ஹில்ட் என்பது சண்டைதான், அதில் மாற்றமில்லை. ஆனால் அந்தக் காலத்தில் இரண்டு துண்டுகளையும் சேர்த்து ஒரு வசனமாகப் பொருள் பார்த்துப் பெயர் வைப்பதில்லையாம். பல வீடுகளில் தாய் வழியில் ஒரு துண்டும் தகப்பன் வழியில் ஒரு துண்டும் எடுத்து ஒட்டிப் பிள்ளைக்குக் கொடுப்பார்களாம். சண்டை என்ற துண்டு ஒரு பெண்ணின் பெயரில் இருந்தால், அவள் சண்டைக்காரி என்று அர்த்தமில்லை, அவளுடைய முன்னோரில் ஒருத்தியை மறக்கவில்லை என்று அர்த்தம். எனக்கு உன் அப்பப்பாவின் நினைவு வந்தது. அந்த மனுசனின் பெயரே வேலாயுதம். ஆயுதத்தைப் பெயரிலேயே கொண்டு திரிந்தவர், கோழி அறுக்கும் இடத்தில்கூட நிற்கமாட்டார். அவர் பெயர்தானே இந்த நாட்டுக் கடதாசிகளில் உன் குடும்பப் பெயர். மஹோ வேலாயுதம்! மூன்று கிலோ இருந்த ஒரு குழந்தைக்கு ஒரு முழுப் படையின் பெயர். நூலகத்தில் தனியாக இருந்து சிரித்தேன். அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். சிரித்து முடிய, கட்டிலுக்குக் கீழே வந்து படுத்த அந்த மருத்துவிச்சியை நினைத்தேன். என்னுடைய சண்டைக்குள் வந்து, "ஏலும்" என்று வாயால் சொல்லாமல் கையால் சொன்னவள் அவள். அந்தப் பெயரை நான் சரியான ஆளிடம்தான் வாங்கியிருக்கிறேன். பொருளைக் கேட்டுப் பயந்ததுதான் என் பிழை.

அன்று பின்னேரமே அப்பாவிடம் சொன்னேன். "இஞ்சேருங்கோ, மேரிக்காரி பிழை விடேல்லை. ஆஸ்பத்திரியிலை தந்த கடதாசியிலை நான்தான் மாத்தி எழுதினனான்." அப்பா தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார். "நீரோ எழுதினது?" என்றார். "நான்தான்." கட்டிலுக்குக் கீழே நடந்ததையும் சொன்னேன், முதல் முறையாக. எல்லாவற்றையும் கேட்டார். "இருபத்தெட்டு வருசம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சு, "உப்பு", "திறப்பு எங்கை" என்ற அளவில்தான். நான் சமாதானம் செய்யப் போகவில்லை. கோபிக்க அவருக்கு உரிமை இருந்தது. உனக்கும் இருக்கிறது.

சனிக்கிழமை காலையில் பாண் வாங்கிக்கொண்டு வந்தவர், கோட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார். "அந்த மனுசி ரெண்டு தரம் கேட்டவ" என்றார்.

"எந்த மனுசி?"

"மேரியிலை இருந்தவ. கடதாசியை என்ரை பக்கம் திருப்பி வைச்சு, விரலாலை பேரைத் தொட்டுத் தொட்டு, வாசிச்சுப் பாருங்கோ எண்டு காட்டினவ. ஒரு பக்கம் முழுக்கப் பிரெஞ்சு. பின்னாலை ஆக்கள் வரிசையிலை நிண்டவை. எம், ஏ எண்டு தொடங்கினதைக் கண்டன். மதுமிதாதானே எண்டு நினைச்சன். வாசிச்ச மாதிரி முகத்தை வைச்சுக்கொண்டு 'வுய், வுய்', ஓம் ஓம் எண்டு சொல்லிக் கையெழுத்து வைச்சிட்டு வந்திட்டன்." பாணை மேசையில் வைத்தார். "தகப்பன் எண்டு முதல் முதல் வைச்ச கையெழுத்து. வாசிக்காமல் வைச்சனான். பேர் மாறிப்போச்சு எண்டு தெரிஞ்சதும், அதைச் சொல்ல வெக்கமாக் கிடந்தது. அவவின்ரை தலையிலை போட்டிட்டன்."

நான் ஒளித்ததை அவருடைய சத்தம் மூடியிருக்கிறது. அவர் ஒளித்ததை என் மௌனம் மூடியிருக்கிறது. இடையில் ஒரு பாவமும் அறியாத ஒரு பெண், வருடத்துக்கு ஒருமுறை எங்கள் வீட்டில் திட்டு வாங்கியிருக்கிறாள். "இப்ப பென்சன் எடுத்திருப்பா" என்றார் அப்பா. "நல்லா இருக்கட்டும், பாவம். கண்ணாடி நெத்தியிலை இருந்தது எண்டதும் நான் கட்டினதுதான். ஒழுங்கா மூக்கிலைதான் இருந்தது." அதைக் கேட்டதும் எனக்கு அடக்க முடியவில்லை. அவரும் சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வருமட்டும் சிரித்தோம். இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் அப்படிச் சேர்ந்து சிரித்து எவ்வளவு காலம் என்று எனக்கு நினைவில்லை.

அரவிந்தனோடு நீ தொடங்கப் போகும் வாழ்க்கைக்குப் புத்தி சொல்ல நான் பெரிய ஆளில்லை. ஆனால் ஒன்று மட்டும் தெரியும். கலியாணத்தில் பெரிய பொய்களை மனிதர் எப்படியோ கண்டுபிடித்துவிடுவார்கள், சண்டை பிடித்துத் தீர்த்தும் விடுவார்கள். வெட்கத்தில் மூடிவைத்த சின்ன விஷயங்கள்தான் வருடக்கணக்காக ஊறிக் கிடக்கும். உனக்கு ஏதாவது விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று அன்றைக்கே சொல். வேண்டாம் என்றால் தலையாட்டாதே. அவனுக்குச் சொல்ல வெட்கமான ஒன்று இருக்கும் என்று தோன்றினால், பேசாமல் பக்கத்தில் போய் இரு, கையைப் பிடித்து இழுக்காதே. நானும் அப்பாவும் நல்லாகத்தான் வாழ்ந்தோம், பிள்ளை. அதில் உனக்குச் சந்தேகம் வேண்டாம். இன்னும் கொஞ்சம் இலேசாக வாழ்ந்திருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

உன் படிவத்தை நேற்று எழுதி முடித்தேன். பெயர்களின் ஒழுங்கைத் தெரிந்தெடுத்தது தாயாகிய நான், கணவருக்குச் சொல்லாமல் செய்தேன், மேரி அலுவலர் எந்தப் பிழையும் விடவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். அப்பாவும் தனியாக ஒன்று எழுதியிருக்கிறார், வாசிக்காமல் கையெழுத்து வைத்ததாக. இரண்டையும் இத்துடன் வைக்கிறேன். உன் விண்ணப்பத்துக்கு இவை உதவுமா, கெடுக்குமா என்று எனக்குத் தெரியாது. நீ பெயரை மாற்ற விரும்பினால், வீட்டில் மது என்று வளர்ந்தவள் என்பதே போதிய காரணம், அதற்கு நாங்கள் இருவரும் எங்கேயும் வந்து சாட்சி சொல்வோம். ஆனால் எனக்குப் பிடிக்காது என்ற காரணத்துக்காக மாற்றாதே. அந்தப் பெயர் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை உனக்குச் சொல்லாமல் விட்டவள் நான்.

இன்று அப்பா உன் கலியாண அழைப்பிதழ் விஷயமாக அச்சகத்துக்குப் போனார். அச்சுக்காரர், "அண்ணை, பொம்பிளையின்ரை பேரை எப்பிடிப் போடுறது? வெள்ளிக்கிழமை மெசினிலை ஏத்த வேணும்" என்று கேட்டாராம். மதுமிதா என்று எழுதிய துண்டு அப்பாவின் சட்டைப் பையில்தான் இருந்திருக்கிறது. அவர் அதை எடுக்கவில்லை. "அதை அவளிட்டைத்தான் கேக்க வேணும், தம்பி. போன முறை நாங்கள் ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கத்தாலை எழுதிப்போட்டம். ஒருதரும் அவளைக் கேக்கேல்லை" என்று சொல்லிவிட்டு, மாதிரித் தாளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அது இப்போது என் முன்னால் இருக்கிறது. அரவிந்தனின் பெயர் இருக்கிறது, இரண்டு வீட்டாரின் பெயர்கள் இருக்கின்றன, மண்டபமும் நேரமும் இருக்கின்றன. உன் பெயருக்கான இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறார்கள். வியாழக்கிழமை வந்து நீயே எழுது.

அம்மா